செர்மாட்டில் நான்கு குளிர்காலம்: நாளொன்றுக்குப் பதினொன்றரைப் பிராங்கில் சமைத்துச் சாப்பிட்ட அனுபவம்

சுவிட்சர்லாந்தின் மாட்டர்ஹோர்ன் மலையடியில், ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் செர்மாட்டில், 2021 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை நான்கு குளிர்கால சீசன்கள் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தேன். பனிச்சறுக்கு ஊரில் சம்பளம் மிஞ்சாது, எல்லாம் சாப்பாட்டுக்கே போய்விடும் என்று எனக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது எவ்வளவு உண்மை என்பதை அளந்து பார்க்க ஒரு வசதியான அளவுகோல் அங்கேயே இருந்தது. வேலையிடத்தில் உண்ணும் உணவுக்கு சுவிஸ் சமூகக் காப்புறுதி விதிகள் காலைக்கு 3.50, மதியத்துக்கு 10, இரவுக்கு 8 பிராங் என்று மதிப்பு வைத்திருக்கின்றன. என் ஹோட்டலும் அதே கணக்கில்தான் சம்பளத்திலிருந்து கழித்தது. மதியச் சாப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். ஆகவே காலையும் இரவும் சேர்த்து நாளுக்கு 11.50 பிராங்குக்குள், அதாவது மாதம் 345 பிராங்குக்குள் முடித்தால் எனக்கு லாபம், தாண்டினால் நட்டம்.

முதல் ஜனவரியில் 470 பிராங் செலவாகியது. நான்காவது சீசனில் மாதச் சராசரி 260க்கு இறங்கியிருந்தது. விடுமுறை நாட்களின் மதியச் சாப்பாடும் அதற்குள் அடக்கம்.

கார்களுக்கு அனுமதியில்லாத ஊர் இது. கீழே உள்ள அடுத்த ஊரான டேஷ் வரைதான் வெளியூர்க் கார்கள் வரலாம், அங்கிருந்து ரயில். இப்படிப்பட்ட ஊரில் கடைச் சாமான் இரண்டு மடங்கு விலையாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கோப் என்ற பேரங்காடியிலும், சற்றுத் தள்ளி இருக்கும் மிக்ரோ என்ற பேரங்காடியிலும் வாங்கிய பற்றுச்சீட்டுகளைக் கீழே விஸ்ப் நகரத்துச் சீட்டுகளோடு வைத்து ஒப்பிட்டபோது, பால், முட்டை, ஸ்பகெட்டி, கோதுமை மா, தகரத்தில் அடைத்த தக்காளி ஆகியவற்றில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் 470 எங்கே போயிற்று? சீட்டுகளைக் கட்டிலில் பரப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு, வெட்டி அடைத்த பழம், சான்ட்விச், சூடாக்கிச் சாப்பிடும் லசானியா, போத்தல் பானம் என்பவற்றுக்குப் போயிருந்தது. அத்தனையும் மதிய வேலை முடிந்து களைப்போடு கடைக்குள் நுழைந்த நாட்களின் சீட்டுகள். போத்தல் தண்ணீர்கூட வாங்கியிருக்கிறேன். குழாயில் வருவது மலைத் தண்ணீர் என்பதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டு, அதே குசினியில் பல வருடங்களாகப் பாத்திரம் கழுவும் பகுதியைப் பார்த்துக்கொண்ட அண்ணை ஒருவர் சொன்னார்: "தம்பி, வேலை முடிஞ்ச கையோடை கடைக்குப் போகாதை. அறைக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடி. பிறகு துண்டிலை எழுதிக்கொண்டு போ." அந்தத் தேத்தண்ணி எனக்கு மாதம் நூறு பிராங் மிச்சப்படுத்தியது என்றால் மிகையில்லை.

இரண்டு கடைகளும் மலிவு வரிசைகள் வைத்திருக்கின்றன. மிக்ரோவில் 1996 முதல் இருக்கும் பச்சை உறை போட்ட எம்-பட்ஜெட், கோப்பில் பிரீ கரன்டி. மா, சீனி, பால், தயிர், ஸ்பகெட்டி எல்லாவற்றிலும் தயங்காமல் இவற்றையே எடுக்கலாம். நான்கு வருடத்தில் ஒரு குறையும் காணவில்லை. அரிசி மட்டும் சரிவரவில்லை. புழுங்கலைப் போலத் தோன்றினாலும் கறியை உறிஞ்சாமல் தனித்தனியே உருண்டு நிற்கும். கறித்தூள் என்ற பெயரில் விற்கும் மஞ்சள் பொடியைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை. சுவிஸ் இறைச்சியின் விலை எங்கள் கணக்குக்கு ஒத்துவராது என்பதால், வெளிநாட்டிலிருந்து உறைய வைத்து வரும் கோழியோடு நிறுத்திக்கொண்டேன். வாரத்தில் மூன்று நாள் முட்டையும் பருப்பும். செர்மாட் இருக்கும் வாலே மாகாணத்துக் கம்புப் பாண் முதலில் கல் போலத் தோன்றினாலும் ஒரு வாரம் கெடாமல் இருக்கும். இரண்டே நாளில் காய்ந்துபோகும் வெள்ளைப் பாணைவிட அதுவே கணக்குக்கு நல்லது. சம்பலோடும் பொருந்தும்.

அரிசி, பருப்பு, தூள் வகைகளுக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். சீசன் தொடங்குமுன், நவம்பர் கடைசியில் பேர்ன் நகரத் தமிழ்க்கடைக்கு ஒரே ஒரு பயணம். பத்துக் கிலோ அரிசி, நாலு கிலோ மைசூர்ப் பருப்பு, இரண்டு கிலோ கடலை, வறுத்த மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் மா, ஒரு பொதி நெத்தலிக் கருவாடு என்று ஏறக்குறைய 180 பிராங்குக்கு வாங்கினால் ஏப்ரல் வரை காணும்; மேலே சொன்ன 260இல் இதன் பங்கும் உண்டு. 2007இல் லொட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் திறந்ததிலிருந்து பேர்னிலிருந்து விஸ்ப்புக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பிறகு மலை ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சிரமம் செர்மாட் நிலையத்தில் இறங்கியபின்தான் தொடங்கும். சில்லு வைத்த பை உறைபனியில் உருளாமல் பக்கவாட்டில் சறுக்கி விழும். இரண்டாம் வருடம் பிள்ளைகள் சறுக்கும் பிளாஸ்டிக் வண்டி ஒன்றை வாங்கி, அரிசி மூட்டையைக் கயிற்றால் கட்டி இழுத்துச் சென்றேன். லட்சம் ரூபாய் பெறுமதியான பனிச்சறுக்குச் சாமான்களோடு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மலிவுக் கடை தேடி மலையிறங்குவது பற்றிப் பலர் கேட்பார்கள். பாதிக் கட்டண அட்டை இருந்தும் விஸ்ப்புக்குப் போய்வர ஏறக்குறைய 40 பிராங் ஆகும். தனி ஆளின் வாரச் சாமானில் அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது. வேறு வேலையாக இறங்கும் நாளில் பையை எடுத்துப் போங்கள், அவ்வளவுதான். சிம்ப்ளோன் சுரங்கம் தாண்டி இத்தாலியின் டோமோடொசோலாவில் சனிக்கிழமை கூடும் சந்தை வேறு கதை. ஒலிவ் எண்ணெய், பார்மெசான், மரக்கறி எல்லாம் மனம் குளிரும் விலை. ஆனால் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய இறைச்சி ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோதான், அதற்கு மேல் கிலோவுக்கு 17 பிராங். 2025 ஜனவரியிலிருந்து 150 பிராங் பெறுமதிக்கு மேற்பட்டால் வரியும் கட்ட வேண்டும். ஹோட்டல்காரனுக்குச் சனிக்கிழமை லீவு கிடைப்பது அதைவிடக் கடினம். மூன்று தடவை போனேன். உலா என்று வைத்துக்கொண்டால் நல்லது, சிக்கனம் என்று சொல்ல மாட்டேன்.

மாலையில் ஒட்டும் 25, 50 வீதத் தள்ளுபடி ஸ்டிக்கர்கள்தான் உண்மையான உதவி. சனி மாலையில் விருந்தினர் மாறும் கூட்டத்தில் எதுவும் மிஞ்சாது. செவ்வாய், புதன் எனக்குக் கைகொடுத்தன. மிஞ்சிய உணவைப் பையாகக் கட்டி விற்கும் டூ குட் டு கோ செயலியையும் ஒரு சீசன் முழுவதும் பயன்படுத்தினேன். ஒரு முறை மரக்கறி நிறைந்த பை கிடைத்தது. அடுத்த முறை வேறோர் இடத்தில் ஐந்து இனிப்புப் பணியாரம் மட்டும். அதிர்ஷ்டச் சீட்டை இரவுச் சாப்பாடாக நம்ப முடியாது என்று விட்டுவிட்டேன். கடைகளின் புள்ளி அட்டைகள் திருப்பித் தருவது நூறு பிராங்குக்கு ஒரு பிராங். ஒரு சீசனுக்கு ஒரு கோழி.

சமைப்பதிலும் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே தண்ணீர் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடுவதால் கடலை இரண்டு மணி நேரமானாலும் பல்லில் இடறும். பழைய பிரஷர் குக்கர் ஒன்றைக் கொண்டுபோன பிறகுதான் கடலைக்கறி கறியாகியது. பணியாளர் விடுதியில் ஆளுக்குக் குளிர்பெட்டியில் ஒரு தட்டுதான் என்பதால் பல்கனியை நம்பிப் பாலை வெளியே வைத்தேன். காலையில் போத்தல் கழுத்தில் வெடித்து, பால் வெள்ளைக் கட்டையாக நின்றது. கொத்தமல்லித் தழை கறுத்துக் கூழாகியிருந்தது. கறிவேப்பிலையை மட்டும் தாளில் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வைத்தால் மூன்று மாதம் போகும்.

2025 ஏப்ரல் 17, பெரிய வெள்ளிக்கு முதல் நாள், கடும் பனியால் ரயிலும் சாலையும் மூடப்பட்டு மின்சாரமும் நின்றது. மின்சாரம் வந்து கடைக்குப் போனபோது பாணும் இலைக்கறிகளும் இருந்த தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. எங்கள் மாடியில் நாலு பேருக்கு அன்று சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும். உப்பிட்ட மீனில் ஊறி வளர்ந்த போர்த்துக்கேயத் தோழர் ஒருவர் நெத்தலியை முகர்ந்து பார்த்துவிட்டு, விளக்கம் எதுவும் கேட்காமல் தட்டை நீட்டினார். அந்த ஊரில் அவர்கள் ஆட்கள் நிறையப் பேர். அவர்களுடைய பெரிய வெள்ளை அவரை கடைகளில் கிடைக்கிறது, நம் கடலைக்கு நல்ல மாற்று.

சீசன் முடிந்து போகிறவர்கள் பாதி தீர்ந்த சாமான்களை விடுதிக் குசினியில் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போவார்கள். புதிதாக வருபவர் கடைக்குப் போகுமுன் முதலில் அதைத் திறந்து பார்க்க வேண்டும். நான் அதிலிருந்து உப்பு, எண்ணெய், ஒரு கிலோ ஸ்பகெட்டி எடுத்திருக்கிறேன். மூன்றாம் வருடம் நான் வைத்துவிட்டு வந்த மிளகாய்த்தூள் போத்தல், அடுத்த டிசம்பரில் திரும்பிப் போனபோதும் வைத்த இடத்திலேயே இருந்தது.