'லைவ் பேண்டுடன்' என்று போஸ்டரில் போட்டிருந்தால் உடனே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்

போன சனிக்கிழமை, சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையைப் பாடும் ஒரு பாடகியின் நிகழ்ச்சிக்குப் போய் ஏமாந்து வந்தேன். 100 பேர் நின்றாலே நிறைந்துவிடும் சின்ன அரங்கம். போஸ்டரில் '8 பேர் கொண்ட லைவ் பேண்டுடன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அங்கே வழக்கமாக வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு டிக்கெட். அந்த 8 பேருக்காகத்தான் கொடுத்தேன்.

உள்ளே போனதும் டிரம்ஸ் எங்கே என்று பார்த்தேன். மேடை மூலையில் கறுப்புத் துணி போர்த்தி இருந்தது. சரி, ஆரம்பிக்கும்போது எடுப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்துப் பாடகி மேடை ஏறியபோதும் துணி அப்படியே இருந்தது. கூட ஒரு கீபோர்டுக்காரர், ஸ்டூல் மேல் ஒரு லேப்டாப். பாக்கி 7 பேரும் அந்த லேப்டாப்புக்குள் இருந்தார்கள்.

வேறு இசையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சோல் இசை தேவாலயப் பாட்டிலிருந்து வந்தது; ஒருவர் கூப்பிட, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க சோல் பாடகர் டானி ஹாத்தவேயின் 1972 லைவ் ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ட்ரூபடூர், பிட்டர் எண்ட் என்ற இரண்டு சின்ன இடங்களில் பதிவு செய்தது. கூட்டமே பாட்டை எடுத்துக்கொண்டு போகும், பேண்ட் அதற்கு இடம் விட்டு வாசிக்கும். அப்படி ஒரு ராத்திரி கிடைக்கும் என்றுதான் போனேன்.

மூன்றாவது பாட்டில் பாடகி ஒரு வரியை இழுத்தார். கூட்டம் கத்தியது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இழுத்தார். டிரம்மர் இருந்திருந்தால் அவர் மூச்சு விடும் வரை காத்திருப்பார். லேப்டாப்பில் ஓடும் பதிவு செய்த டிராக் காத்திருக்குமா? அடுத்த வரிக்கான ஊதுவாத்தியம் அது பாட்டுக்கு முழங்கிவிட்டது. பாவம், வரியைப் பாதியில் விழுங்கிவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தார். அப்புறம் எதையும் நீட்டவே இல்லை. குரல் அருமையான குரல், அதில் சந்தேகமில்லை. 40 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

வாசலில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஆர்ட்டிஸ்ட் வந்து பாடினாங்களே சார், அப்புறம் எதுக்கு ரீஃபண்ட்?" என்றார்கள். மெயில் போட்டதற்கு, 'கலைஞர்கள் மாறக்கூடும்' என்று டிக்கெட் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக் காட்டினார்கள். யார் மாறினார்கள்? ஆளே இல்லையே! மறுநாள் இணையத்தில் இருந்த போஸ்டரில் பேண்ட் என்ற வரியையே காணோம். நல்லவேளை, நண்பனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய பழைய போஸ்டர் இருந்தது. அதை இணைத்துக் கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

டிக்கெட் எடுக்கும் முன் மேடையில் யார் யார் வாசிக்கிறார்கள் என்று மெயிலில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். முந்தைய நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் எடுத்த வீடியோ கிடைத்தால், பாடுபவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். போஸ்டரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஏற்பாட்டாளர்கள் அடுத்த மாதம் இன்னொரு நிகழ்ச்சி அறிவித்திருக்கிறார்கள். இந்தத் தடவை பேண்டில் 10 பேராம்.