ஜெர்மன் பேசும் சாட்பாட்: ஆறு மாத அனுபவம், ஐந்துக்கு இரண்டு ஸ்டார்

தாராவி 90 அடி ரோட்டில் எங்களுக்குத் தோல் பை கடை. ஆன்லைன் ஆர்டரில் பாதி ஜெர்மனிக்குப் போகிறது. அவர்கள் சாப்பிட்டு முடித்துப் பை பார்க்க உட்காரும்போது இங்கே ராத்திரி இரண்டு மணி. தூக்கம் போகிறதே என்று மாதம் 1,800 ரூபாய்க்கு இந்த ஏஐ சாட்பாட் சந்தாவைக் கட்டினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் அருமையாக வருகிறது. கைத்தையலா, என்ன தோல் என்று எது கேட்டாலும், நான் எழுதிக் கொடுத்ததை வைத்துப் பதமாகப் பதில் சொல்கிறது.

ஆனால் ஜெர்மனியில் லைப்சிக் ஊரில் ஒரு அம்மாவிடம், 60 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லி வைத்துவிட்டது. எங்கள் கணக்கு 14 நாள். ஐரோப்பியச் சட்டம் ஆன்லைனில் வாங்குபவருக்குக் கொடுப்பதும் அவ்வளவுதான். 47ஆம் நாள் பை வந்தது. ஓரமெல்லாம் தேய்ந்து, உள்ளே ஒரு டிராம் டிக்கெட்டோடு!

சாட்பாட் நிறுவனத்தைக் கேட்டால் ஒப்பந்தத்தில் 17ஆவது பிரிவைக் காட்டுகிறார்கள். தகராறு வந்தால் கலிபோர்னியா சட்டம், சிங்கப்பூரில் நடுவர் மன்றம். ஒரு பைக்காக சிங்கப்பூரா?

மாட்டுங்கா வக்கீல் அண்ணாச்சியிடம் போனேன். "பாட் எங்க கெடந்தா என்னலே, யார்கிட்ட பேசிச்சுன்னு பாரு" என்றார். ஜெர்மன் மொழியில், யூரோவில் விலை போட்டு அந்த ஊர்க்காரரைக் கூப்பிட்டு விற்றால், அவருக்கு அந்த ஊர்ச் சட்டம் தரும் பாதுகாப்பை நாம் எந்தப் பிரிவு எழுதியும் பிடுங்க முடியாதாம். பாட் சொன்ன வாக்கும் கடைக்காரன் வாக்குதான். 2024-ல் கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனமே, பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வாதாடித் தோற்றிருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்து சாட்பாட்டின் படத்தைப் பார்த்தார். 'அன்னா' என்று பெயர், சிரிக்கிற பெண் முகம். 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்த ஐரோப்பிய ஏஐ சட்டம், வெளிநாட்டில் செய்த ஏஐயின் பதில் அங்கே பயன்பட்டாலும் பொருந்துமாம். பேசுவது மெஷின் என்று தெரியும்படி சாட்பாட்டைச் செய்வது, 2026 ஆகஸ்ட் 2 முதல் செய்தவர்கள் கடமை. 17 பிரிவு எழுதியவர்கள் இதை எங்கேயும் எழுதவில்லை.

சாட்பாட் நிறுவனத்தின் மேல் நான் இங்கேயே கேஸ் போடலாமா? 2019 நுகர்வோர் சட்டப்படி, வியாபாரத்துக்கு வாங்கியவன் நுகர்வோர் கிடையாது. சுயதொழில் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவன் நுகர்வோர், குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். "நாலு தையல்காரர் வச்சிருக்கேல்லா, அதையே பிடிச்சு இழுப்பாங்க" என்று அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். விட்டுவிட்டேன்.

ஜெர்மனுக்காக இரண்டு ஸ்டார். 'அன்னா'வைத் தூக்கிவிட்டு 'கடை பாட்' என்று போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பும் பேச்சு வந்தால் வாயைத் திறக்காமல் எனக்கு வாட்ஸ்அப் அனுப்பும்படி வைத்திருக்கிறேன். அனுப்புகிறது, சரியாக ராத்திரி இரண்டு மணிக்கு.