பார் உடலம் தெரியுமா? பள்ளிக்கு வாங்கிய பைனாகுலர் நுண்ணோக்கி

மேல்நிலைப் பள்ளிக்கு நுண்ணோக்கி வாங்கப் போகும் விலங்கியல் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு, தஞ்சாவூரில் ஆய்வகப் பொருள் விற்கும் ஒரு கடையில் அம்பாலா தயாரிப்பு ஒன்றை வாங்கினோம். இரண்டு கண்ணாலும் பார்க்கும் வகை, எல்ஈடி விளக்கு, 100எக்ஸ் ஆயில் லென்ஸ். விலை 20,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே.

வெங்காயத் தோல் காட்ட இவ்வளவு செலவு வேண்டாம், பழைய ஒற்றைக் கண் கருவியே போதும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரு ஜீன் வேலை செய்கிறதா, அடங்கிக் கிடக்கிறதா என்பதற்கும், உட்கருவுக்குள் அது எங்கே இருக்கிறது என்பதற்கும் தொடர்பு உண்டு. அதைப் பிளஸ் டூ பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் கடையில் நான் முதலில் கேட்டது, “பார் உடலம் தெரியுமா?” என்றுதான். பெண்களின் செல் உட்கருவில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு புள்ளிக்கு, அதைக் கண்ட பார் (Barr) என்பவரின் பெயரால் வந்த பெயர் அது.

தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது.

வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, பல்குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை வழித்தேன். முதல் வழிப்பில் செத்த செல்கள்தான் அதிகம் வரும், அதைப் போட்டுவிட வேண்டும். இரண்டாவதை ஸ்லைடில் தடவி, ஆல்கஹாலில் பதப்படுத்தி, அசிட்டோ-ஆர்சின் சாயம் ஏற்றினேன். 40எக்ஸில் உட்கருவைப் பிடித்து நடுவில் நிறுத்தி, ஒரு சொட்டு ஆயில் விட்டு 100எக்ஸுக்குத் திருப்பினால், மங்கிய உட்கருவின் விளிம்பில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி. தட்டையின் ஓரத்தில் பதிந்த கடலைப்பருப்பு மாதிரி, வெளிப்பக்கம் உட்கரு உறையோடு ஒட்டியும் உள்பக்கம் லேசாகப் புடைத்தும் இருக்கும். குறுக்களவு ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். எல்லாச் செல்லிலும் கிடைக்காது, பொறுமையாகத் தேட வேண்டும்.

அந்தப் புள்ளி ஒரு முழு எக்ஸ் குரோமோசோம். பெண்களின் செல்லில் இரண்டு எக்ஸில் ஒன்று சுருண்டு அடங்கிவிடுகிறது என்று 1961-இல் பிரிட்டன் மரபியலாளர் மேரி லியோன் சொன்னார். அதற்கு முன்பே, 1949-இல், கனடா ஆய்வாளர்கள் மர்ரே பாரும் பெர்ட்ராமும் பெண் பூனையின் நரம்பு செல்லில் இந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டார்கள். பூனையில் அது உட்கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டையான நியூக்ளியோலஸை ஒட்டி இருந்தது, கன்னத்துச் செல்லில் உறையை ஒட்டி இருக்கிறது. அடங்கிய டிஎன்ஏ பெரும்பாலும் ஒதுங்குவது இந்த இரண்டு இடங்களில்தான். இதைச் சொல்லிவிட்டு ஸ்லைடைக் காட்டினால், பிள்ளைகள் கண்ணை எடுக்கவே மாட்டார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். செல்லை ஆசிரியையின் கன்னத்திலிருந்தே எடுங்கள், பிள்ளைகளிடம் எடுக்கவே வேண்டாம். ஒரு பிள்ளைக்கு என்ன குரோமோசோம் என்பது வகுப்பறையில் வெளிப்பட வேண்டிய விஷயம் இல்லை.

இந்தக் கருவியால் முடியாததும் உண்டு. மனிதரின் 18-ஆம், 19-ஆம் குரோமோசோம்கள் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஜீன் குறைந்த 18 உட்கருவின் ஓரத்திலும், ஜீன் நெருக்கமான 19 நடுவிலும் இருப்பதை எடின்பரோ ஆய்வாளர்கள் 1999-இல் காட்டினார்கள். அதைப் பார்க்க ஒளிரும் சாயமும் ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியும் வேண்டும். நம் பள்ளி பட்ஜெட்டில் அது நடக்காது, படம் போட்டுத்தான் விளக்குகிறேன். அப்புறம், ‘ஓரம் என்றால் அணைப்பு, நடு என்றால் இயக்கம்’ என்று சூத்திரமாக எழுதிப் போட்டுவிடாதீர்கள். 2008-இல் சில ஆய்வாளர்கள் ஜீன்களை வலிய உறைப் பக்கம் இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். சில அடங்கின, சில அங்கேயும் வேலை செய்தன. ஈஸ்டில் சில ஜீன்கள் இயங்கத் தொடங்கும்போது உறையில் உள்ள துளைகளை நாடியே போகின்றன. இடம் ஒரு காரணம்தான், அது மட்டுமே காரணம் இல்லை. ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ அணைஞ்சதால ஓரத்துக்குப் போச்சா, ஓரத்துக்குப் போனதால அணைஞ்சுதா டீச்சர்?” என்றாள். ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியோடுதான் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள் என்று சொன்னேன்.

வேலை செய்யும் ஜீனைக் காட்ட நமக்கு வாய்க்கால் இருக்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கும் சேற்றைக் கிளறினால் சிவப்புப் புழு கிடைக்கும், கைரோனோமஸ். அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து, சாயமேற்றி நசுக்கினால், வரிவரியான பெரிய குரோமோசோம்கள் 40எக்ஸிலேயே விரிகின்றன. 1881-இல் பிரெஞ்சு ஆய்வாளர் பால்பியானி பார்த்தவை. அதில் ஓரிடம் மட்டும் பஞ்சுபோல் உப்பியிருக்கும். புழு சேற்றில் குழாய்க்கூடு கட்டப் பயன்படுத்தும் பட்டு இழைக்கான ஜீன் அங்கே மும்முரமாக வேலை செய்கிறது.

கருவியின் குறைகளுக்கு வருகிறேன். வந்த புதிதில் பெரிய திருகு தளர்ந்து, ஃபோகஸ் தானாக இறங்கிக்கொண்டே இருந்தது. திருகின் அடியில் உள்ள வளையத்தை இறுக்கியதும் சரியானது. கடைக்காரர் போனிலேயே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கூடவே விற்கும், கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில் பொருத்தும் கேமரா வீண் செலவு. அதில் பார் உடலம் சாயத் திட்டு மாதிரிதான் வருகிறது, கைபேசியை லென்ஸில் வைத்து எடுத்த படமே மேல். மின்சாரம் போனாலும் உள்ளே இருக்கும் பேட்டரியில் விளக்கு எரிவது பெரிய உதவி.

நம் ஊருக்கு முக்கியமான விஷயம் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் அப்புறம் மீட்பது கடினம். துணியுறையை மட்டும் நம்பாமல், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆயிலை அன்றன்றே லென்ஸ் தாளால் துடைத்துவிடுங்கள். எங்களுக்கு ஆயில் பாட்டில் தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது, ஆர்டர் கொடுக்கும்போதே அதைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.