30 அடி ஆர்விக்குக் கார் ரூட்டை விற்கிறார்கள், கவனம்

ஆர்வி (படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளோடு அமெரிக்காவைக் குறுக்கே கடக்கத் திட்டமிடுகிறீர்களா? "ஆர்வி ரூட் பிளான்" என்று யாராவது காசுக்கு விற்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நியூஜெர்சிக் குடும்பம் ஒன்றுக்கு 280 டாலருக்கு விற்கப்பட்ட திட்டத்தை வரிவரியாகப் பார்த்த பிறகு எழுதுகிறோம். 22 பக்கம், வழவழப்பான படங்கள், நாள்வாரியாக நேரம் எல்லாம் இருக்கிறது. வண்டி 30 அடி கிளாஸ் சி (வேன் முகப்போடு கட்டிய ஆர்வி வகை), ஆறு பேர் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வண்டியின் உயரம் ஒரு பக்கத்தில்கூட இல்லை. ஆர்வியில் இருக்கும் எரிவாயுவான ப்ரொப்பேன் என்ற சொல்லே இல்லை. காருக்குக் கூகுள் மேப்ஸ் காட்டும் வழியை அப்படியே எடுத்து ஆர்விக்கான வழி என்று விற்றிருக்கிறார்கள்.

முதல் நாளே தப்பு. எடிசனிலிருந்து வாஷிங்டனுக்கு ஐ-95 நெடுஞ்சாலையில் நேராகப் போகச் சொல்கிறது. வழியில் பால்டிமோரில் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கம் வரும். ஒரு சிலிண்டரில் 10 பவுண்டுக்கு மேல் ப்ரொப்பேன் இருந்தால் அதற்குள் அனுமதி இல்லை. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் ஆர்வியில் இருக்கும் டேங்க் அதைப்போலப் பல மடங்கு. வால்வை மூடிவிட்டேன் என்று சொன்னாலும் செல்லாது. பக்கத்திலுள்ள ஐ-895 ஹார்பர் சுரங்கத்திலும் இதே சட்டம்தான். சரியான வழி, வடக்கிலிருந்து வரும்போதே ஐ-695க்குத் திரும்பி டௌசன், கேட்டன்ஸ்வில் பக்கமாக மேற்கே சுற்றி மறுபடி ஐ-95ஐப் பிடிப்பது. கிழக்குப் பக்கமாகக் கீ பாலத்தில் போகச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பவேண்டாம். 2024 மார்ச் 26 அன்று அந்தப் பாலம் இடிந்து விழுந்துவிட்டது. நியூயார்க்கில் ஹாலண்ட், லிங்கன் சுரங்கங்களுக்குள்ளும் ப்ரொப்பேனோடு போக முடியாது. அங்கே பார்க்வே என்று பெயருள்ள சாலைகளில் ஏறவே ஏறாதீர்கள், பாலங்கள் மிகத் தாழ்வு.

டென்வருக்கு மேற்கே ஐ-70இல் ஐசன்ஹோவர் சுரங்கம். உயரம் பிரச்சினை இல்லை, 13 அடி 11 அங்குலம் வரை விடுகிறார்கள். பிரச்சினை மலை. சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும், ஆக அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிருக்கும். தாண்டியதும் சில்வர்தோர்ன் வரை நீண்ட செங்குத்தான இறக்கம். பிரேக் பிடிக்காமல் ஓடும் லாரிகளை நிறுத்தவே ஓரத்தில் தனிச் சரிவுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். இறக்கம் தொடங்குமுன் டோ-ஹால் பட்டனைப் (எஞ்சினே வேகத்தைப் பிடிக்க உதவும் அமைப்பு) போட்டுக் கீழ் கியருக்கு வாருங்கள். 40 மைல் வேகம் என்று முடிவு செய்தால், 40ஐத் தொட்டதும் அழுத்திப் பிரேக் போட்டு 35க்கு இறக்கி முழுவதுமாக விடுங்கள். மறுபடி 40 வந்தால் மறுபடி அப்படியே. மெல்ல மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. இந்தப் பகுதிக்குத் திட்டத்தில் இருந்ததெல்லாம் "அழகிய மலைக்காட்சி" என்ற இரண்டு சொல்தான்.

யூட்டாவில் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை ஐ-70இல் சுமார் 110 மைலுக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. கேலனுக்கு 8 மைல் ஓடும் வண்டியில் எதிர்காற்று அடித்தால் அதுவும் குறையும். ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கும், கால் டேங்குக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும், கூடவே பின்பக்க ஏசியும். கிரீன் ரிவரில் முள் எங்கே இருந்தாலும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

இந்தத் திட்டத்தில் மிக மோசமான பக்கம் யூட்டாவின் சயான் தேசியப் பூங்கா. சயானிலிருந்து பிரைஸ் கேன்யனுக்கு மவுண்ட் கார்மல் சுரங்கம் வழியாகப் போகலாம், 15 டாலர் கட்டினால் ரேஞ்சர்கள் எதிரே வரும் வண்டிகளை நிறுத்தி வழிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மை. 2026 ஜூன் 7 முதல் 11 அடி 4 அங்குல உயரத்தையோ, 7 அடி 10 அங்குல அகலத்தையோ, 35 அடி 9 அங்குல நீளத்தையோ தாண்டும் வண்டிக்கு அந்த வழி கிடையாது. 30 அடி கிளாஸ் சி பொதுவாக 12 அடி உயரம், 8 அடிக்கு மேல் அகலம். நீளத்தில் தப்பினாலும் மற்ற இரண்டிலும் மாட்டும். ஸ்ப்ரிங்டேல் வழியாக வந்தபடியே திரும்பி, ஐ-15இல் வடக்கே ஏறி, எக்ஸிட் 95இல் யூட்டா-20ஐப் பிடித்து யுஎஸ்-89க்கு வந்து பிரைஸ் போகவேண்டும். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு. வரைபடத்தில் யூட்டா-14 குறுக்குவழி மாதிரித் தெரியும், அந்த ஏற்றம் இந்த வண்டிக்கு வேண்டாம்.

எல்லோஸ்டோனிலிருந்து மவுண்ட் ரஷ்மோருக்கு வரும் நாளில் திட்டம் காட்டும் வழி லவல் வழியாக யுஎஸ்-14ஏ. பிக்ஹார்ன் மலையில் 10 சதவீத ஏற்றம் அது. நூறு அடி போனால் பத்தடி மேலே ஏறுகிறது என்று அர்த்தம். ஆறு பேர், நிரம்பிய தண்ணீர் டேங்க், சாமான் எல்லாம் சேர்ந்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறும். எதிர்த்திசையில் வருபவர்களுக்கு இன்னும் ஆபத்து, இறக்கத்தில் பிரேக் போய்விடலாம். பெரிய வண்டிக்காரர்கள் எடுப்பது யுஎஸ்-16: கோடி, கிரேபுல், வோர்லண்ட், டென் ஸ்லீப், பஃபலோ. 9,666 அடி பவுடர் ரிவர் கணவாயைத் தாண்டத்தான் வேண்டும், ஆனால் பிக்ஹார்னைக் கடக்கும் மூன்று சாலைகளில் (யுஎஸ்-14, 14ஏ, 16) ஏற்றம் சீரானது இதுதான்.

ஒரு நாளைக்கு 650 மைல் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆர்வியில் பெட்ரோல், சாப்பாடு, பிள்ளைகளின் பாத்ரூம் எல்லாம் சேர்த்தால் சராசரி மணிக்கு 50 மைல். 300, மிஞ்சினால் 350 போதும். அதற்கு மேல் இழுத்தால் கேம்ப்கிரவுண்டில் இருட்டில் ரிவர்ஸ் எடுக்கவேண்டி வரும், வண்டியை எதிலாவது இடித்துவிடுவதெல்லாம் அப்போதுதான்.

நஷ்டம் யார் தலையில்? வாடகை ஒப்பந்தத்தில் "மேற்பகுதிச் சேதம்", "அடிப்பகுதிச் சேதம்" என்ற வரிகளைத் தேடுங்கள். தாழ்ந்த பாலத்தில் கூரை உரசினால் பெரும்பாலான வாடகைக் காப்பீடு ஒரு காசு தராது, முழுச் செலவும் உங்களுடையது. ரூட் விற்றவரோ கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "ஓட்டுநரே பொறுப்பு" என்று போட்டுவிட்டார். அதைக் காட்டித்தான் பணத்தைத் திருப்பித் தர மறுத்திருக்கிறார்.

வண்டியை எடுக்கும் அன்று கையில் டேப் இருக்கட்டும். தரையிலிருந்து கூரை ஏசியின் உச்சி வரை அளந்து, ஆறு அங்குலம் கூட்டி, ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். உயரம், நீளம், எடை, ப்ரொப்பேன் நான்கையும் கேட்கும் ஆர்வி ஜிபிஎஸ் மட்டுமே பயன்படுத்துங்கள். அது சொல்வதையும் முந்தின இரவு லாரிக்காரர்களின் அட்லஸில் தாழ்ந்த பாலப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள்: கேட்டது ஆர்வி ரூட், வந்தது கார் ரூட் என்று முதலில் விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசி விட்டுவிடாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போய்ச் சேரவேண்டும். நீங்கள் வண்டி விவரம் கொடுத்த மின்னஞ்சலையும், ஃபோர்ட் மெக்ஹென்றி, சயான் பக்கங்களையும் அதோடு இணையுங்கள்.