ரஸ்கினா, விஸ்லரா?

காந்தியின் சுயசரிதையைப் படித்தவர்களுக்கு ஜான் ரஸ்கின் தெரிந்த பெயர். 1904-இல் ரயில் பயணத்தில் அவருடைய புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் காந்தி தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். கலை விமர்சகரான அதே ரஸ்கின் 1877-இல் லண்டன் குரோவ்னர் கேலரியில் ஜேம்ஸ் விஸ்லரின் ஓவியம் ஒன்றைப் பார்த்துக் கொதித்துப்போனார். கிரிமோர்ன் பூங்காவின் வாணவேடிக்கை. இருட்டு, புகை, உதிரும் பொன்பொறிகள், அவ்வளவுதான். விலை 200 கினி, அதாவது 210 பவுண்டு. ஒரு பானைச் சாயத்தை மக்கள் முகத்தில் வீசிவிட்டு இவ்வளவு கேட்கிறாரே என்று ரஸ்கின் எழுத, விஸ்லர் 1,000 பவுண்டு கேட்டு அவதூறு வழக்குப் போட்டார்.

கலைக்கு வேறு நோக்கம் தேவையில்லை, 'கலை கலைக்காகவே' என்ற விஸ்லரின் கட்சியைப் புரிந்துகொள்ள இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். ரஸ்கினுக்கு ஓவியம் இயற்கைக்கு உண்மையாக இருக்க வேண்டும், பார்ப்பவர் மனத்தை உயர்த்த வேண்டும். விஸ்லருக்கு அது வண்ணமும் வடிவமும் கூடிவரும் இசைவு. தன் தாயை வரைந்த படத்துக்கே 'சாம்பலிலும் கறுப்பிலும் ஓர் அமைப்பு' என்றுதான் பெயர் வைத்தார். அது யாருடைய தாய் என்பதில் மற்றவர்களுக்கு என்ன அக்கறை என்று கேட்டார்.

என்னை உறுத்துவது வேறு. மூடுபனியும் ஒளியுமாக ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்ததை விமர்சகர்கள் கேலி செய்தபோது, 1843-இல் அவருக்காக வரிந்துகட்டி எழுதியவர் இதே ரஸ்கின். அப்புறம் விஸ்லரின் இருட்டு மட்டும் ஏன் கசந்தது? டர்னரின் மங்கலில் அவர் இயற்கையின் உண்மையைக் கண்டார். விஸ்லரோ அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை.

1878 நவம்பரில் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று ரஸ்கின் தரப்பு வக்கீல் கேட்டார். ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர். இந்த இடத்தில் நான் முழுக்க விஸ்லர் பக்கம். இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பின்னால் எத்தனை வருடச் சாதகம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

ஆனாலும் ரஸ்கினைத் தள்ளிவிட மனம் வரவில்லை. ஒரு பொருளைச் செய்கிறவனுக்கு அந்த வேலையில் மகிழ்ச்சி இருந்ததா என்று கேட்டவர் அவர். ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் கைத்தொழில்களை மீட்கக் கிளம்பியது அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். விஸ்லரிடம் அதற்குப் பதில் கிடையாது.

ஜூரி விஸ்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவு அவரவர் தலையில். 1879-இல் விஸ்லர் திவாலானார். ரஸ்கின் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். அந்த வாணவேடிக்கை இப்போது டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது.