லகியோல் கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு: தேனீயை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: "அசல் பிரெஞ்சு லகியோல். 12 செ.மீ. எருமைக்கொம்புக் கைப்பிடி. அலகு, குத்தூசி, கார்க் திருகி மூன்றும் உண்டு. பிரான்ஸில் ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவு வரை செய்தது. தேனீ ஸ்பிரிங்கோடு ஒரே துண்டாக அடித்தது. சான்றிதழ், மரப்பெட்டி உண்டு." விலை 16,500 ரூபாய். விற்றவர் சேகரிப்பாளர்களுக்கென்றே ஆன்லைனில் மடக்குக் கத்திகள் விற்கிறவர். வந்து சேர்ந்ததோ, ஐரோப்பாவின் சுற்றுலாக் கடைகளில் 20 யூரோவுக்கும் கீழே கிடைக்கிற ரகம். கைப்பிடி கொம்பே இல்லை, பிசின். கைப்பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்கின் தலையில் இருக்கும் தேனீ உருவம் தனியாக வார்த்து ஒட்டியது. சான்றிதழில் பட்டறையின் பெயரோ முகவரியோ கிடையாது. இதே விற்பனையாளரிடமோ இதே மாதிரியான இன்னொருவரிடமோ யாரும் பணத்தை விடக்கூடாது என்பதற்காக, கத்தியை ஒவ்வொரு பாகமாகப் பிரித்துச் சொல்கிறோம்.

முதலில் அந்தப் பெயர். லகியோல் என்பது தெற்கு பிரான்ஸில் அவேரோன் மாவட்டத்து ஓப்ராக் மேட்டு நிலத்தில் இருக்கிற ஒரு சிறிய ஊர். ஊர்க்காரர்கள் வாயில் அது லயோல். இந்தக் கத்தி வடிவத்தின் தொடக்கத்தை 1829-ல் அந்த ஊர்க் கொல்லர் பியேர்-ழான் கால்மேலோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அந்த ஊரின் பெயர் நீண்ட காலம் கத்திக்கு ஒரு காப்பாக அமையவில்லை. 1993-ல் ஒரு தொழிலதிபர் அந்தப் பெயரைப் பல வகைப் பொருள்களுக்கு வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டார். வெளிநாட்டில் செய்த சாமான்கள் எல்லாம் அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தன. 2012-ல் ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் பெயர்ப் பலகையையே கழற்றி எதிர்ப்பைக் காட்டினார்கள். ஆகவே அலகில் "லகியோல்" என்று வெட்டியிருப்பதால் கத்தியின் வடிவம் தெரியும், அவ்வளவுதான். எங்கே செய்தது, யார் செய்தது என்பது அதில் தெரியாது.

பார்க்க வேண்டியது பட்டறையின் முத்திரை. ஃபோர்ஜ் டி லகியோல், லகியோல் ஆன் ஓப்ராக், ஓனொரே துய்ரான், ஃபோன்தெனிய் பத்தோ போன்ற பட்டறைகள் தங்கள் பெயரையோ குறியையோ அலகில் போடும். இதில் ஃபோன்தெனிய் பத்தோ இருப்பது தியேரில். "தியேரில் செய்ததா, அப்படியானால் டூப்ளிகேட்" என்று சிலர் சொல்வது அநியாயம். பிரான்ஸின் கத்தித் தொழிலுக்குத் தலைநகரே தியேர்தான். லகியோல் ஊரில் பட்டறைகள் ஓய்ந்து கிடந்த பல பத்தாண்டுகள் இந்தக் கத்தியைச் செய்துகொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். ஊருக்குத் தொழில் பெரிய அளவில் திரும்பியதே 1987-ல் ஃபோர்ஜ் டி லகியோல் தொடங்கிய பிறகு. ஆக, பட்டறைக் குறி இல்லாமல் வெறும் "லகியோல்", அதன் கீழே "ஐநாக்ஸ்" (துருப்பிடிக்காத எஃகு) என்று மட்டும் இருந்தால் பிரெஞ்சுக் கைவினை விலையைக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு வந்த கத்தியில் இருந்தது அது மட்டும்தான். விளம்பரப் படத்தில் அலகின் அந்தப் பகுதி மங்கலாக இருந்ததற்குக் காரணம் இப்போது விளங்குகிறது.

அடுத்தது தேனீ. ஏமாற்று வேலை அதிகம் நடப்பது இங்கேதான். நல்ல பட்டறையில் ஸ்பிரிங்கையும் தேனீயையும் ஒரே எஃகுத் துண்டிலிருந்து எடுப்பார்கள். ஸ்பிரிங்கின் தலையைச் சூடேற்றி அடித்து அகலப்படுத்தி, அதில் தேனீயை வெட்டி, அரத்தால் இறக்கைக் கோடுகளைப் போடுவார்கள். மலிவு வேலையில் தேனீயைத் தனியாக அச்சில் எடுத்து ஸ்பிரிங்கின் மேல் வெல்டிங் வைத்துவிடுவார்கள். 10 மடங்கு பெருக்கும் லென்ஸை எடுத்து, கத்தியைப் பக்கவாட்டில் திருப்பி, தேனீயின் அடிவயிறு ஸ்பிரிங்கைத் தொடும் இடத்தைப் பாருங்கள். ஒரே துண்டு என்றால் உலோகம் தடையில்லாமல் வளைந்து மேலே போகும். ஒட்டியது என்றால் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு ஓடும். பாலிஷ் போட்ட கருப்பு அழுக்கு அந்தக் கோட்டில் தங்கியிருக்கும். எங்கள் கத்தியில் கோடு இரண்டு பக்கமும் இருந்தது. அதோடு தேனீ ஸ்பிரிங்கின் நடுக்கோட்டிலிருந்து இடதுபுறம் சற்று விலகி உட்கார்ந்திருந்தது. ஒரே துண்டில் செய்தால் இப்படி விலகுவது அரிது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். உண்மையான பிரெஞ்சுத் தயாரிப்பாளர்களும் விலை குறைந்த மாடல்களில் தேனீயை வெல்டிங் செய்வதுண்டு. அது மோசடி ஆகாது. ஒட்டிய தேனீயை "சேர்த்து அடித்தது" என்று சொல்லி அதற்குரிய விலையை வாங்குவதுதான் மோசடி.

தேனீ நெப்போலியன் கொடுத்த முத்திரை என்ற கதையையும் நம்பாதீர்கள். அவர் இறந்தது 1821-ல். இந்தக் கத்தியே அதற்குப் பிறகு வந்தது. தேனீ இதில் ஏறியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கார்க் திருகி 1880 வாக்கில்தான் சேர்ந்தது. இதே விற்பனையாளர் "1850-ஆம் ஆண்டு அசல்" என்று இன்னொரு கத்தியையும் போட்டிருக்கிறார். அதில் தேனீ, கார்க் திருகி, ஐநாக்ஸ் முத்திரை மூன்றும் இருக்கின்றன. துருப்பிடிக்காத எஃகு கத்திகளுக்கு வந்ததே 1913-க்குப் பிறகு. பழமை என்று விலை கேட்கிற எந்தக் கத்தியிலும் முதலில் இந்த வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கைப்பிடிக்கு வருவோம். கொம்பில் இழைகள் நீளவாக்கில் ஓடும், இரண்டு பக்கத் தகடுகளும் ஒன்றுபோல் இருக்கவே இருக்காது. வந்த கத்தியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுழி, ஒரே இடத்தில் வெள்ளைத் திட்டு. அச்சில் ஊற்றிய பிசினில்தான் இப்படி வரும். சந்தேகம் இருந்தால் கார்க் திருகி படுத்திருக்கும் பள்ளத்தின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், சூடான ஊசி நுனியை லேசாக வையுங்கள். கொம்பு என்றால் முடி கருகிய வாடை, பிசின் என்றால் பிளாஸ்டிக் வாடை. எலும்புக் கைப்பிடி என்று சொன்னால் லென்ஸில் நுண்ணிய கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரிய வேண்டும், மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கக் கூடாது. மேய்ப்பர் சிலுவை என்கிற ஆணி வரிசையை நகத்தால் தடவுங்கள். கையால் செய்ததில் ஒவ்வொரு ஆணியும் தனி, இடைவெளி துளியாவது மாறும். கைப்பிடியின் முனையில் இருக்கும் பித்தளைப் பூணில் காந்தத்தை வைத்தால் ஒட்டக் கூடாது. எங்களுடையதில் டக்கென்று ஒட்டியது. இரும்புக்குப் பித்தளை முலாம். அலகில் காந்தம் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை, கத்திக்கான கார்பன் எஃகும் ஒட்டும், துருப்பிடிக்காத எஃகும் ஒட்டும்.

அலகும் ஸ்பிரிங்கும் சேரும் இடம்தான் மடக்குக் கத்தியின் உயிர்நாடி. கத்தியைத் திறந்து விளக்குக்கு எதிரே பிடித்தால் அலகின் அடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வெளிச்சம் கசியக் கூடாது. நுனியைப் பிடித்து இடவலமாக அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. மூடினால் அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் உரசக் கூடாது. லகியோலில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். அதனால் இந்த இணைப்பு சரியில்லை என்றால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கத்தி சேதமாகும்.

எங்களுக்கு வந்ததில் நடந்திருப்பது அதுதான். அலகின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், அடியிலிருந்து 3 செ.மீ. தள்ளி, ஒரு சிறு இடம் தட்டையாக மழுங்கியிருந்தது. மூடும்போது அலகைத் தடுத்து நிறுத்த வேண்டிய அடிப்புடைப்பை அளவுக்கு மேல் அராவிவிட்டார்கள், அதனால் வாய் நேராக ஸ்பிரிங்கில் போய் அடிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மெல்லிய தாள் துண்டு ஒன்று போதும். ஸ்பிரிங்கின் உள்பக்கம் தாளை வைத்துக் கத்தியை மெதுவாக மூடுங்கள், திறந்து எடுத்துப் பாருங்கள். தாளில் வெட்டோ கோடோ விழுந்திருந்தால் வாய் முட்டுகிறது என்று அர்த்தம். நல்ல லகியோலையும் விரலை விட்டுவிட்டுப் படாரென்று மூடினால் முட்டலாம், ஆகவே கையால் தாங்கி மூடுவதே முறை. ஆனால் மெதுவாக மூடியே முட்டினால் அது செய்தவர் குறை.

எஃகு "ஸ்வீடன் 12சி27" என்று எழுதியிருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டறைகள் நிறையப் பயன்படுத்துகிற எஃகு அது. 0.6 சதவீதம் கார்பன், 13.5 சதவீதம் குரோமியம். முறையாகப் பதம் வைத்தால் நல்ல வாய் பிடிக்கும். வீட்டில் வைத்து எஃகின் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது, பதம் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். தீட்டிய வாயை 6 மி.மீ. பித்தளைக் கம்பியின் மேல் சாய்த்து லேசாக அழுத்தி இழுங்கள். வாய் கொஞ்சம் வளைந்து பழையபடி நிமிர வேண்டும். வளைந்தபடியே நின்றால் பதம் போதாது, பொடிந்து உதிர்ந்தால் பதம் மிஞ்சிவிட்டது. எங்கள் அலகு வளைந்தபடியே நின்றது.

டமாஸ்கஸ் எனப்படும் அடுக்கு எஃகு அலகுகளைப் பற்றி ஒரே வார்த்தை: கோலம் அலகின் இரண்டு பக்கத்தில் மட்டும் இருந்து முதுகில் இல்லையென்றால் அது அமிலத்தாலோ லேசராலோ மேலே வரைந்தது. அடுக்கு எஃகில் கோடுகள் முதுகைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்.

இந்தியாவில் இருக்கும் சேகரிப்பாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பழைய கத்திகளில் கடமான் கொம்புப் பிடி ஏராளம். அந்தக் கொம்பில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து போனதுதான். இன்று அதை இங்கே வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், தானாக உதிர்ந்த கொம்பு என்ற சமாதானம் செல்லாது. தந்தத்துக்கும் அதே கதி. "பழையது, பரவாயில்லை" என்று விற்பவர் சொன்னாலும் தொடாதீர்கள். எருமைக் கொம்பு, மாட்டெலும்பு, மரம் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

குறைகளைப் படத்தோடு அனுப்பியதற்கு வந்த பதில்: "லகியோல்ங்கிறது டிசைன் பேரு சார், கம்பெனி பேரு இல்ல. நாங்க எந்த பிராண்டும் சொல்லலையே." முதல் பாதி உண்மை, அதனால்தான் இவர்கள் துணிச்சலாக நிற்கிறார்கள். ஆனால் "பிரான்ஸில் கையால் செய்தது", "ஒரே துண்டாக அடித்தது", "எருமைக்கொம்பு" என்று எழுதியது அவர்தானே? புகார் போன அன்றே விளம்பரத்திலிருந்து அந்த வரிகள் காணாமல் போயின. பணம் யூபிஐயில் போயிருந்ததால் வங்கி வழியே திரும்பக் கேட்க வழி குறைவு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறது. ஆன்லைனில் விற்பவர் பொருள் தயாரான நாட்டைச் சொல்லியாக வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இருக்கின்றன, புகாரில் அதையும் குறிப்பிடுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய படங்கள்: அலகின் அடியில் இருக்கும் முத்திரை, தேனீ பக்கவாட்டில் கிட்டத்தில், இரண்டு பக்கக் கைப்பிடியும் தனித்தனியே, திறந்த கத்தி வெளிச்சத்துக்கு எதிரே, மூடிய கத்தி மேலிருந்து. கூடவே "பட்டறையின் பெயர் என்ன?" என்று எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவேரோன் பட்டறைகளின் ஒரே துண்டுத் தேனீ கத்தி சாதாரணமாக 100 யூரோவுக்கு மேல்தான் தொடங்கும். அதைவிட மிகக் குறைவாக ஒருவர் சொன்னால் பொருளில் ஏதோ இடிக்கிறது. விலை கூட இருக்கிறது என்பதும் உத்தரவாதம் ஆகாது, எங்கள் 16,500 அதற்குச் சாட்சி. பணத்தைக் கார்டில் கொடுங்கள், விவரித்தபடி பொருள் இல்லையென்று வங்கியில் முறையிட வழி இருக்கும். பார்சலைப் பிரிப்பதை முகவரிச் சீட்டு தெரிய வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டதென்றால், புகார் முடியும்வரை அதைத் தீட்டாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், கழற்றிப் பார்க்காதீர்கள். ஊசி, பித்தளைக் கம்பிச் சோதனைகளையும் எல்லாப் படமும் எடுத்த பிறகே, அதையும் வீடியோவில் பதிந்துகொண்டு செய்யுங்கள். தேனீயின் அடியில் இருக்கும் கோடும், வாயில் மழுங்கிய இடமும் வந்தபடியே இருக்க வேண்டும். அலகில் ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி, வந்த பெட்டி, சான்றிதழ், உறை எல்லாவற்றோடும் சேர்த்து எடுத்து வையுங்கள்.