உறவினரின் சிறுநீரகமா, மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகமா?

வவுனியாவின் விவசாயக் கிராமங்களில், காரணம் தெளிவாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களை டயலிசிஸ் வரை கொண்டுபோயிருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, யாருடையது பொருந்தும் என்பதுதான். அது இரத்தமில்லாமல் எவ்வளவு நேரம் இருக்கப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வியும் அதே அளவு முக்கியமாகப் படுகிறது.

எடுத்த சிறுநீரகத்துக்கு இரத்தம் நின்றதும் அதன் உயிரணுக்களில் சக்தி தீர்கிறது. சக்சினேற்று போன்ற பொருட்கள் தேங்குகின்றன. ஐஸில் வைத்தால் இது மெதுவாகும், நிற்காது. பெரிய அடி விழுவது அப்புறம்தான். புது உடலில் இரத்தக்குழாயைத் தைத்து இரத்தத்தைத் திறந்துவிட்டதும், தேங்கியிருந்த சக்சினேற்று வேகமாக ஒட்சியேற்றமடைகிறது. உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணிகள், எதையும் தாக்கும் சுயாதீன மூலிகங்களைக் கக்குகின்றன. அவை உயிரணுச் சவ்வையும் புரதங்களையும் சிதைக்கின்றன, அழற்சி தொடங்குகிறது. இதுதான் ஒட்சியேற்ற அழுத்தம்.

உயிருடன் இருப்பவர் தரும்போது எடுப்பதும் பொருத்துவதும் ஒரே வைத்தியசாலையில் அடுத்தடுத்து நடக்கும். ஐஸில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகமோ பல மணி நேரம், சில சமயம் 12 மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்கும். மூளைச்சாவே உடல் முழுக்க அழற்சியைக் கிளப்புவதால், எடுக்கும் முன்னரே அது அடிபட்டிருக்கும். அதனால் சில பேருக்கு முதல் வாரத்தில் மீண்டும் டயலிசிஸ் தேவைப்படுகிறது.

1995 இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. கணவன் மனைவிக்கிடையே கொடுத்த சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்று ஆண்டுகளின் பின்னும் வேலை செய்தன. பெற்றோர் கொடுத்தவற்றில் அது 82 சதவீதம், இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் 70. கணவனும் மனைவியும் இரத்த உறவில்லை, திசுப் பொருத்தமும் குறைவு. அப்படியிருந்தும் முந்தியதற்குக் காரணம், அந்தச் சிறுநீரகங்கள் அடிபடாமல் வந்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். போரில் கூடப்பிறந்தவர்களை இழந்த வன்னிக் குடும்பங்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கொடுக்க முன்வரும் தம்பியோ மனைவியோ அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, அதே வயலில் வெயிலில் நின்றவர். நோய் அவருக்குள்ளும் சத்தமில்லாமல் தொடங்கியிருக்கலாம். முழுப் பரிசோதனையில் சிறு சந்தேகம் வந்தாலும், மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பதே சரி என்பேன். ஒருவரைக் காக்க இன்னொருவரை நோயாளியாக்கக் கூடாது.

அந்தச் சிறுநீரகத்தின் காயத்தைக் குறைக்கவும் வழி உண்டு. ஐஸில் சும்மா வைப்பதற்குப் பதில், குளிர்ந்த திரவத்தைப் பம்பால் அதனூடாக ஓடவிடுகிறார்கள். 2009 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், வேலை தொடங்கத் தாமதமானவை ஐஸில் 26.5 சதவீதம், பம்பில் 20.8 சதவீதம். கருவிக்குச் செலவு அதிகம். ஐஸ் நேரத்தைச் சுருக்குவது எங்கும் செய்யக்கூடியது.

வீட்டுக்கு வந்தபின் ஒட்சியேற்ற எதிர்ப்பு மாத்திரைகளை நம்பலாமா? அவை மாற்றுச் சிறுநீரகத்தின் ஆயுளை நீட்டும் என்று உறுதியாகச் சொல்லுமளவுக்குச் சான்று இல்லை. விற்றமின் சீயை அளவுக்கு மீறி எடுத்தால் ஒட்சலேற்றுப் படிகங்கள் சிறுநீரகத்தில் படியும். காமரங்காயும் அப்படித்தான், தொடவே கூடாது. மூலிகைக் கசாயங்களில் சில, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டக்ரோலிமஸின் இரத்த அளவைக் குழப்பும். அது குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும், கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் காயப்படுத்தும். ஆகவே நான் வைத்தியர் தரும் மருந்து, பிரஷர், சீனிக் கட்டுப்பாடு, புகைக்காமை இவற்றின் பக்கம். விடியற்காலை பஸ் பிடித்து கிளினிக்குக்குப் போகும் நாளில் டக்ரோலிமஸை வீட்டில் விழுங்கிவிடாமல் கையில் கொண்டுபோங்கள். அளவு பார்க்க இரத்தம் எடுத்த பிறகுதான் அன்றைய காலை மாத்திரை.